பூட்டிய கைபேசி உங்களுக்காகப் பேசுமா?

கைபேசியில் அவசரத் தொடர்பு எண்களையும் மருத்துவக் குறிப்புகளையும் பதிந்து வைப்பது பற்றி வந்த கடிதங்களில், ஒன்றோடொன்று தொடர்புள்ள சிலவற்றை இந்த இதழில் ஒருசேர எடுத்துக்கொள்கிறோம். உடல்நிலை சார்ந்த செய்திகள் என்பதால் கேட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: நான் தனியாக வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். நீரிழிவுக்கு இன்சுலின் போட்டுக்கொள்கிறேன். வெளியில் நடக்கும்போது மயங்கி விழுந்தால் வீட்டாருக்கு யார் தகவல் சொல்வார்கள் என்ற கவலை இருக்கிறது. மகளின் எண்ணை 'ஐ.சி.இ.' ('இன் கேஸ் ஆஃப் எமர்ஜென்சி', அதாவது அவசரத்தில் அழைக்க) என்ற பெயரில் பல ஆண்டுகளுக்கு முன்பே சேமித்துவிட்டேன். ஆனால் என் கைபேசி கைரேகை வைத்தால்தான் திறக்கும். இந்த ஏற்பாடு போதுமா ஐயா?

பதில்: போதாது. தாங்கள் பின்பற்றிய வழக்கம் நல்ல நோக்கத்தோடு பிறந்ததுதான். பிரிட்டனில் ஆம்புலன்ஸ் மருத்துவ உதவியாளராகப் பணியாற்றிய பாப் பிராட்சி என்பவர், மயங்கிக் கிடப்பவரின் கைபேசியில் யாரை அழைப்பது என்று தெரியாமல் உதவிக்கு வந்தவர்கள் தடுமாறுவதைக் கண்டு, 2005ஆம் ஆண்டில் இந்த யோசனையை முன்வைத்தார். அதே ஆண்டு ஜூலையில் லண்டனில் நடந்த குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு அது பல நாடுகளுக்கும் பரவியது. அப்போதைய கைபேசிகளில் பொத்தானை அழுத்தினால் தொடர்புப் பட்டியல் திறந்துவிடும். இன்றோ கைரேகை, முகம், கடவு எண் என்று எதைக் கொண்டு பூட்டினாலும் அந்தப் பட்டியல் உள்ளே மாட்டிக்கொள்கிறது. தாங்கள் சேமித்த எண் பத்திரமாக இருக்கிறது. அது தேவைப்படும் வேளையில் அருகில் நிற்கும் அந்நியரின் கண்ணுக்கு மட்டும் படாது.

இதற்காகவே, பூட்டைத் திறக்காமல் பார்க்கக்கூடிய தனிப் பக்கம் ஒன்றைக் கைபேசி நிறுவனங்கள் ஏற்படுத்தியிருக்கின்றன. ஐபோனில் 2014இல் வெளிவந்த ஐஓஎஸ் 8 பதிப்பிலிருந்து 'மெடிக்கல் ஐடி' என்ற பெயரில் இது இருக்கிறது. ஆண்ட்ராய்டில் 2016இல் வெளியான 7ஆம் பதிப்பிலேயே அவசரத் தகவலைப் பூட்டுத்திரையிலிருந்து பார்க்கும் வசதி வந்துவிட்டது. ஆகவே, பழைய கைபேசி என்று எண்ணித் தயங்க வேண்டியதில்லை.

ஐபோன் வைத்திருப்பவர்கள் அதனுடன் வரும் 'ஹெல்த்' செயலியைத் திறந்து, மேலே வலப்புறம் தெரியும் தங்கள் படத்தையோ பெயரெழுத்துகளையோ தொட்டு, 'மெடிக்கல் ஐடி' என்பதற்குள் சென்று 'எடிட்' என்பதைத் தொட வேண்டும். பிறந்த தேதி, நோய்கள், ஒவ்வாமை, மருந்துகள், ரத்த வகை ஆகியவற்றுக்கு அங்கே தனித்தனி இடங்கள் உண்டு. அவசரத் தொடர்பாகச் சேர்க்க விரும்புபவரின் எண் முன்கூட்டியே தொடர்புப் பட்டியலில் இருக்க வேண்டும். அவரைத் தேர்ந்தெடுத்ததும் உறவுமுறை என்ன என்று கைபேசி கேட்கும். எல்லாவற்றையும் நிரப்பிய பிறகு, 'ஷோ வென் லாக்டு' என்ற விசை இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அது அணைந்திருந்தால், எழுதியது முழுவதும் தங்களுக்கு மட்டுமே தெரியும்.

ஆண்ட்ராய்டில் நிறுவனத்துக்கு நிறுவனம் பட்டியல் சற்று மாறும். பெரும்பாலான புதிய கைபேசிகளில் செட்டிங்ஸ் பகுதிக்குள் 'சேஃப்டி அண்ட் எமர்ஜென்சி' என்ற தலைப்பு இருக்கும்; மருத்துவத் தகவலும் அவசரத் தொடர்புகளும் அதற்குள் அடுத்தடுத்து வரும். அந்தத் தலைப்பு கண்ணில் படவில்லையென்றால், செட்டிங்ஸ் பக்கத்தின் மேலேயுள்ள தேடல் பெட்டியில் 'எமர்ஜென்சி' என்று தட்டச்சு செய்து தேடுவதே எளிய வழி. இங்கும், பூட்டியிருக்கும்போது காட்டுவதற்கான அனுமதி தனி விசையாகவே இருக்கும். அதை மறந்துவிடுகிறவர்கள்தான் அதிகம்.

நிரப்பி முடித்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். கைபேசியைப் பூட்டி, இந்த ஏற்பாட்டைப் பற்றி எதுவும் அறியாத ஒருவரிடம் கொடுத்து, "இதன் உரிமையாளருக்கு என்ன மருந்து ஒத்துக்கொள்ளாது, யாரை அழைக்க வேண்டும் என்று கண்டுபிடியுங்கள்" என்று கேளுங்கள். கடவு எண் கேட்கும் திரையின் அடியில் உள்ள 'எமர்ஜென்சி' என்ற சொல்லைத் தொட்டு, அடுத்து வரும் திரையில் ஐபோனானால் 'மெடிக்கல் ஐடி' என்பதையும், ஆண்ட்ராய்டானால் அவசரத் தகவல் அல்லது மருத்துவத் தகவல் என்று தெரிவதையும் அவர் தொட வேண்டும். அவர் எங்கே திணறுகிறார், எந்த வரியைப் படித்துப் புருவம் சுருக்குகிறார் என்று பார்த்தாலே எதைத் திருத்த வேண்டும் என்பது தங்களுக்கு விளங்கிவிடும். அந்தச் சோதனை நடக்கும்வரை இந்த வேலை முடிந்ததாகக் கருத வேண்டாம்.

கேள்வி: என் தாயாருக்கு இதய வால்வு மாற்றப்பட்டிருக்கிறது, நிறைய மாத்திரைகள் சாப்பிடுகிறார். மருத்துவத் தகவல் பக்கத்தில் எதை எழுதுவது, எதை விடுவது என்று தெரியாமல் ரத்த வகையை மட்டும் போட்டு வைத்திருக்கிறேன். முழு மருத்துவ வரலாற்றையும் எழுதிவிடலாமா?

பதில்: எல்லோரும் முதலில் நிரப்புவது ரத்த வகையைத்தான். ஆனால் மருத்துவர்கள் மிகக் குறைவாக நம்பும் தகவலும் அதுவே. ரத்தம் ஏற்றுவதற்கு முன் நோயாளியின் மாதிரியை எடுத்து மருத்துவமனையே வகை பார்த்துப் பொருத்தமும் பார்க்கும்; அதற்குக்கூட நேரமில்லாத நெருக்கடியில் ஓ வகைச் சிவப்பணுக்களைக் கொடுப்பார்கள். கைபேசியில் எழுதியிருக்கிறது என்பதற்காக யாரும் ரத்தம் ஏற்றிவிட மாட்டார்கள். ரத்த வகை அங்கே இருப்பதில் தவறில்லை. அதை எழுதியதோடு நிறுத்திக்கொள்வதுதான் தவறு.

உதவிக்கு வருபவர் அந்தப் பக்கத்தைப் பார்க்கப் போவது சில நொடிகள் மட்டுமே. அவர் செய்யப்போகும் சிகிச்சையை மாற்றக்கூடிய செய்தி எது என்ற ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு எழுதுங்கள். தங்கள் தாயாரைப் பொறுத்தவரை அது, ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து சாப்பிடுகிறாரா என்பது. செயற்கை உலோக வால்வு பொருத்தப்பட்டவர்கள் வழக்கமாக வார்ஃபரின் போன்ற மருந்தைத் தொடர்ந்து எடுத்துக்கொள்வார்கள். அப்படிப்பட்டவர் கீழே விழுந்து தலையில் அடிபட்டால், வெளியில் காயமே தெரியாவிட்டாலும் மண்டைக்குள் கசிவு இருக்கக்கூடும் என்று எண்ணி மருத்துவர்கள் தலையை ஸ்கேன் செய்து பார்க்க விரைவார்கள். மருந்தின் வீரியத்தை முறிக்கவும் வழி உண்டு. அந்த ஒரு சொல் தெரியாவிட்டால், சிறிய அடி என்று காத்திருக்க வைத்துவிடும் ஆபத்து இருக்கிறது.

இதே தரத்தில் முக்கியமானவை இன்னும் சில. இன்சுலின் போட்டுக்கொள்பவர் மயங்கினால் சர்க்கரை இறங்கிவிட்டதா என்று உடனே பார்ப்பார்கள். பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு மருந்தை நீண்ட காலமாக எடுப்பவர்களுக்கு அது திடீரென நின்றுபோகக் கூடாது. விபத்திலோ கடும் நோயிலோ கூடுதலாகவே தேவைப்படும். இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் வகை மருந்து சாப்பிடுபவருக்கு, ரத்த இழப்பு ஏற்பட்டாலும் நாடித் துடிப்பு எதிர்பார்க்கும் அளவுக்கு ஏறாமல் இருந்து, நிலைமை மோசமில்லை என்ற தோற்றத்தைத் தரலாம். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவரை எம்.ஆர்.ஐ. அறைக்குள் கொண்டுபோவதற்கு முன் அது எந்த வகை என்று தெரிய வேண்டும். டயாலிசிஸ் செய்துகொள்பவர், ரத்தக்குழாய் இணைப்பு எந்தக் கையில் இருக்கிறது என்று எழுத வேண்டும். அந்தக் கையில் ரத்த அழுத்தம் பார்ப்பதும் ஊசி ஏற்றுவதும் கூடாது. வலிப்பு நோய், ஆஸ்துமா, கர்ப்பம், மண்ணீரல் அகற்றப்பட்டது ஆகியவையும் இந்த வரிசையில் வருபவையே. காது கேளாதவர்களும் ஒரு மொழி மட்டுமே அறிந்தவர்களும் அதையும் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். கேள்விக்குப் பதில் வரவில்லை என்பதாலேயே ஒருவர் சுயநினைவின்றி இருப்பதாகப் பிறர் முடிவு செய்துவிடக்கூடும்.

ஒவ்வாமையை எழுதும்போது மருந்தின் பெயரோடு என்ன ஆனது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பென்சிலின் சாப்பிட்டு வயிறு கலங்கியதற்கும், தொண்டை வீங்கி மூச்சுத் திணறியதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. முதலாவது பக்கவிளைவு, இரண்டாவது உயிருக்கே ஆபத்தானது.

எழுதும் விதத்துக்கு ஓர் உதாரணம் பார்ப்போம். "சுகர், பிரஷர் இருக்கிறது. காலையில் வெள்ளை மாத்திரை ஒன்று, இரவில் சிறிய மஞ்சள் மாத்திரை பாதி. வால்வு ஆபரேஷன் நடந்திருக்கிறது" என்று எழுதினால், வீட்டில் இருப்பவர்களுக்குப் புரியும், மருத்துவருக்கு ஒன்றும் கிடைக்காது. அதையே "செயற்கை இதய வால்வு, உலோகம். வார்ஃபரின் தினமும். பென்சிலின் ஒவ்வாமை: மூச்சுத் திணறல். நீரிழிவு: மெட்ஃபார்மின். இன்சுலின் இல்லை" என்று எழுதிப் பாருங்கள். இதில் ஆபத்தானது மேலேயும், மற்றவை கீழேயும் நிற்கின்றன. மாத்திரை அட்டையில் பெரிதாக அச்சிட்டிருக்கும் வணிகப் பெயர் ஊருக்கு ஊர், நாட்டுக்கு நாடு மாறும். அதன் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும் மூல மருந்தின் பெயரே எங்கும் செல்லும். அந்தப் பக்கத்தைப் படிக்கப்போகும் மருத்துவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம் என்பதால், மருந்து, நோய், ஒவ்வாமை மூன்றையும் ஆங்கிலத்தில் எழுதுவது நல்லது. தமிழில் ஒரு வரி கூடுதலாக இருப்பதால் நட்டமில்லை. எழுதுவதற்கு முன் தாயாரின் மருந்துச் சீட்டை முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் அடுத்த முறை போகும்போது இந்தப் பக்கத்தைக் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். முழு மருத்துவ வரலாறு வேண்டாம். பல ஆண்டுகளுக்கு முன் செய்த குடல்வால் அறுவை சிகிச்சையைக் கடந்து வந்துதான் வார்ஃபரினைப் பார்க்க வேண்டும் என்ற நிலையை உண்டாக்கக் கூடாது.

கேள்வி: அவசரத் தொடர்பாக வெளிநாட்டில் இருக்கும் என் மகனின் எண்ணைக் கொடுத்திருக்கிறேன். குடும்பத்தில் விவரம் தெரிந்தவர் அவர்தான். சரிதானே?

பதில்: மகன் பட்டியலில் இருக்கட்டும், முதலாவதாக இருக்க வேண்டாம். முதலில் இருக்க வேண்டியவர், எந்த நேரத்தில் மணி அடித்தாலும் எடுப்பவர், அருகில் இருப்பவர், பதற்றமின்றிப் பேசுபவர். அவர் உறவினராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பக்கத்து வீட்டு நண்பராகவும் இருக்கலாம். குறைந்தது இரண்டு பேரையாவது சேருங்கள். அவர்களிடம் முன்கூட்டியே சொல்லி, தங்கள் உடல்நிலை பற்றி அவர்களுக்குத் தெரிந்திருக்கவும் செய்யுங்கள். வெளிநாட்டு எண்களை மட்டுமல்ல, எல்லா எண்களையும் கூட்டல் குறியும் நாட்டுக் குறியீடும் சேர்த்துப் பதிவது நலம். பயணத்தில் இருக்கும்போது அது உதவும். தொடர்புப் பட்டியலில் 'குட்டிம்மா' என்று மகளைச் சேமித்திருந்தால், பூட்டுத்திரையில் தெரிவதும் 'குட்டிம்மா' தான். அழைப்பவருக்கு அது ஆறு வயதுக் குழந்தையா, அறுபது வயதுப் பெரியவரா என்று தெரியாது. முழுப்பெயரையும் உறவையும் எழுதுங்கள்.

பலர் யோசிக்காத சிக்கல் ஒன்று மறுமுனையில் இருக்கிறது. தங்கள் பூட்டிய கைபேசியிலிருந்தே அவசரத் தொடர்பை அழைக்க முடியும் என்றாலும், மருத்துவமனையிலிருந்து அழைப்பவர் பெரும்பாலும் அங்குள்ள தொலைபேசியைத்தான் பயன்படுத்துவார். தொல்லை அழைப்புகளுக்குப் பயந்து, பட்டியலில் இல்லாத எண்களின் அழைப்பு ஒலிக்காதபடி பலர் அமைத்து வைத்திருக்கிறார்கள். அந்த அமைப்பு இயங்கினால், மருத்துவமனையின் அழைப்பும் சத்தமின்றிப் போய்விடும். ஆகவே, தங்கள் தொடர்புகளில் ஒருவராவது அந்த அமைப்பை அணைத்து வைத்திருப்பது அவசியம். இரவில் 'டூ நாட் டிஸ்டர்ப்' போட்டு உறங்குபவர்கள், மீண்டும் அழைப்பவர்களை அனுமதிக்கும் விசையை இயக்கலாம். ஐபோனில் மூன்று நிமிடத்துக்குள்ளும், ஆண்ட்ராய்டில் பதினைந்து நிமிடத்துக்குள்ளும் ஒரே எண்ணிலிருந்து இரண்டாவது அழைப்பு வந்தால் அது ஒலிக்கும். ஐபோனில் குறிப்பிட்ட ஒருவருக்கு மட்டும் 'எமர்ஜென்சி பைபாஸ்' கொடுத்துவிட்டால், கைபேசி மௌனத்தில் இருந்தாலும் அவருடைய அழைப்பு ஒலிக்கும். முதியவர்களின் பிள்ளைகள் பெற்றோரின் எண்ணுக்கு இதை இன்றே செய்து வைக்கலாம்.

கேள்வி: கைபேசி திருடு போனால் என் நோய் விவரங்களை யார் வேண்டுமானாலும் படிக்கலாமே? அச்சமாக இருக்கிறது.

பதில்: படிக்கலாம், அதுதான் அந்தப் பக்கத்தின் நோக்கமும். ஆகவே, அந்நியர் அறிந்தாலும் பாதகமில்லாததை மட்டும் அங்கே எழுதுங்கள். வீட்டு முகவரி, அடையாள அட்டை எண், காப்பீட்டுக் கணக்கின் கடவுச்சொல் போன்றவற்றுக்கு அங்கே வேலையில்லை. வெளியில் தெரிய விரும்பாத நோய் இருந்தால் அதை விட்டுவிட்டு, அது பற்றி முழுமையாக அறிந்த ஒருவரை அவசரத் தொடர்பாக வைப்பது மதிக்கத்தக்க முடிவே. ஒவ்வாமையையும் ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தையும் மட்டுமாவது மறைக்க வேண்டாம்.

கேள்வி: பக்கவாட்டுப் பொத்தானைப் பல முறை அழுத்தினால் அவசர உதவிக்கு அழைப்பு போகும் என்கிறார்கள். தவறுதலாகப் போய்விடாதா?

பதில்: போகும். பல ஆண்ட்ராய்டு கைபேசிகளில் பவர் பொத்தானை விரைவாக ஐந்து முறை அழுத்தினால் அவசர அழைப்பு தொடங்கும். ஐபோன் 8 முதலானவற்றில் பக்கவாட்டுப் பொத்தானையும் ஒலிப் பொத்தான்களில் ஒன்றையும் சேர்த்துப் பிடித்தால், மெடிக்கல் ஐடியும் அவசர அழைப்பும் திரையில் தோன்றும். விடாமல் பிடித்திருந்தால் எண்ணிக்கை இறங்கி அழைப்பு சென்றுவிடும். அழைப்பு முடிந்ததும், அவசரத் தொடர்புகளுக்குத் தங்கள் இருப்பிடத்தோடு குறுஞ்செய்தியும் போகும். 2023 ஜூனில் பிரிட்டனில் 999 என்ற அவசர எண்ணுக்கு வரும் அழைப்புகள் முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு உயர்ந்தபோது, ஆண்ட்ராய்டில் வந்த, பவர் பொத்தானை ஐந்து முறை அழுத்தும் வசதியும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று அந்நாட்டுக் காவல்துறைத் தலைவர்களின் அமைப்பு கூறியது.

அதற்காக இதை அணைத்துவிடுவதைப் பரிந்துரைக்க மாட்டோம். பேச முடியாத நிலையில் இது பெரிய துணை. ஆண்ட்ராய்டில், அழுத்தியதும் தானாக அழைக்காமல் திரையைத் தொட்டுப் பிடித்த பிறகே அழைக்கும்படி அமைத்துக்கொள்ள இடமுண்டு. பைக்குள் சாவிகளோடு கைபேசியைப் போடுபவர்கள் அதைத் தேர்ந்தெடுக்கலாம். தவறுதலாக அழைப்பு போய்விட்டால் பதறித் துண்டிக்காதீர்கள். எடுப்பவரிடம் தவறுதலாக அழுத்திவிட்டதாகச் சொல்லிவிடுங்கள். துண்டித்தால் ஆபத்தோ என்று எண்ணி அவர்கள் திரும்ப அழைத்துக்கொண்டிருப்பார்கள், வேறொருவருக்குக் கிடைக்க வேண்டிய நேரம் வீணாகும்.

கேள்வி: சாலையில் ஒருவர் மயங்கிக் கிடப்பதைக் கண்டால், அவருடைய கைபேசியை எடுத்துப் பார்க்கலாமா? அவர் விரலை வைத்துத் திறப்பது தவறாகுமா?

பதில்: கைபேசி பிறகு, மூச்சு முதலில். தங்கள் கைபேசியிலிருந்தே அவசர எண்ணை அழையுங்கள், ஜி.எஸ்.எம். என்ற தொழில்நுட்பத்தில் இயங்கும் கைபேசிகள் 112ஐ அவசர எண்ணாக அறியும். அவர் அசையாமலும் இயல்பாக மூச்சு விடாமலும் இருந்தால், மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை வீதம் அழுத்தத் தொடங்க வேண்டும். அந்நேரத்தில் கைபேசியைத் தேடும் வேலையை உடன் நிற்கும் வேறொருவரிடம் ஒப்படையுங்கள். அவருடைய விரலை வைத்துப் பூட்டைத் திறக்கத் தேவையே இல்லை. பூட்டுத்திரையில் 'எமர்ஜென்சி' என்பதைத் தொட்டால் போதும். அங்கே இருப்பதை மட்டும் படித்து, அவசரத் தொடர்பை அழைத்து, எந்த இடம், எந்த மருத்துவமனைக்குக் கொண்டுசெல்கிறார்கள் என்று சொல்லுங்கள். கைபேசியை ஆம்புலன்ஸ் ஊழியரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

கேள்வி: என் தந்தை பொத்தான் கைபேசிதான் வைத்திருக்கிறார். அதிலும் பாதி நேரம் சார்ஜ் இருப்பதில்லை. அவருக்கு என்ன வழி?

பதில்: பொத்தான் கைபேசியில் பூட்டு இல்லையென்றால், இன்றும் ஐ.சி.இ. வழக்கம் அவருக்குப் பயன்படும். தங்கள் பெயருக்கு முன் அந்த எழுத்துகளைச் சேர்த்து, விரைவு அழைப்பு எண்ணிலும் தங்களை வைத்துவிடுங்கள். சார்ஜ் தீர்ந்ததற்கும் திரை நொறுங்கியதற்கும் மாற்று, காகிதமே. உடலில் அணியும் மருத்துவ அடையாளங்கள் கைபேசிக்கு முந்தியவை. டெட்டனஸ் தடுப்பு ஊசி மருந்தின் ஒவ்வாமையால் மகள் உயிருக்குப் போராடியதைக் கண்ட ஓர் அமெரிக்க மருத்துவக் குடும்பம், 1956இல் 'மெடிக் அலர்ட்' என்ற அமைப்பைத் தொடங்கியது. அத்தகைய கைவளையம் கிடைத்தால், நினைவு தடுமாறும் முதியவருக்கும் வலிப்பு உள்ளவருக்கும் அது மிகவும் ஏற்றது. இல்லாவிட்டால், பர்ஸில் பணம் வைக்கும் இடத்துக்கு முன்னால் தெரியும்படி, பெயர், நோய், மருந்து, ஒவ்வாமை, இரண்டு தொடர்பு எண்கள் ஆகியவற்றைத் தெளிவான எழுத்தில் ஓர் அட்டையில் எழுதி, நனையாமல் உறையிட்டு வையுங்கள். எழுதிய தேதியை ஓரத்தில் குறியுங்கள்; எத்தனை காலத்துக்கு முந்தைய தகவல் என்று படிப்பவருக்குத் தெரிய வேண்டும். மருந்துச் சீட்டு மாறும் அன்றே அட்டையையும் மாற்றுங்கள். ஸ்மார்ட்போன் வைத்திருப்பவர்களும் அதே நாளில் கைபேசியில் உள்ள பக்கத்தைத் திருத்திவிட வேண்டும்.